ஒரே ஒரு போட்டி ஆட்டம்: ஆடுவதும் பிரித்துப் பார்ப்பதும், ஒரு முழுமையான வழிகாட்டி

"நல்லாத்தான் ஆடிக்கிட்டு இருந்தேன், எங்க போச்சுன்னே தெரியல." கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை மாலை நாங்கள் சிலர் கூடி சதுரங்கம் ஆடும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. நானே பல வருஷம் சொல்லியிருக்கிறேன். 1500, 1600 ரேட்டிங்கில் (ஆட்டத் திறனை அளக்கும் புள்ளி) இருக்கும் நம்மைப் போன்றவர்கள் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பதற்குத் தொடக்க நகர்வுகள் போதாதது காரணம் என்று நான் நம்பவில்லை. எங்கே போச்சு என்று தேடும் முறை நம் கையில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு நான் கோலாலம்பூரில் ஒரு வார இறுதிப் போட்டியில் வெள்ளைக் காய்களோடு ஆடித் தோற்ற ஒரு ஆட்டம். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 30 விநாடி. எதிரே பினாங்கிலிருந்து வந்திருந்த பதினாறு வயசுத் தம்பி. என்னைவிட நூறு புள்ளி அதிகம்.

காய்களின் பெயரை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் இங்கே குழப்பம் வரும். தமிழ்நாட்டில் பலர் ஓரத்துக் காயை யானை என்பார்கள். மலாய்க்காரர்களுக்கோ 'காஜா', அதாவது யானை, பிஷப்புதான். ஓரத்துக் காயை அவர்கள் 'தீர்' என்கிறார்கள், அது நம் 'தேர்' போய்ச் சேர்ந்த சொல். அதனால் நான் தேர் என்றே எழுதுகிறேன். மற்றவை ராஜா, ராணி, பிஷப், குதிரை, சிப்பாய். கட்டங்களுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, 1 முதல் 8 வரை எண்.

முதல் படி: முந்திய நாள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்குங்கள். புதிய தொடக்கம் எதையும் படிக்காதீர்கள். கை சும்மா இருக்க மறுத்தால் பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டம் ஒன்றை எடுத்து, அடுத்த நகர்வை மறைத்து வைத்துக்கொண்டு ஊகித்துப் பாருங்கள். நான் எடுப்பது 1990இல் நம் ஊரிலேயே நடந்த கேண்டிடேட்ஸ் இறுதிப் போட்டி, அதாவது உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது யார் என்று முடிவு செய்யும் போட்டி. கார்போவும் டிம்மனும் கோலாலம்பூரில் மோதினார்கள், கார்போவ் 6½–2½ என்று வென்று கஸ்பரோவோடு உலகப் பட்டத்துக்கு ஆடப் போனார். அந்த ஒன்பது ஆட்டங்களும் எந்தத் தரவுத்தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். நாம் ரயிலேறிப் போகிற ஊரில் அந்தக் காய்கள் நகர்ந்தன என்ற நினைப்பே எனக்கு ஒரு ஊக்கம்.

காலையில் நேரத்தோடு கிளம்புங்கள். எவ்வளவு நேரம் தாமதமாக வரலாம் என்று போட்டி விதியில் எழுதியிருப்பார்கள். எழுதாமல் விட்டிருந்தால் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி அது பூஜ்யம். கடிகாரம் ஓடத் தொடங்கும்போது நாற்காலியில் ஆள் இல்லையென்றால் ஆட்டம் போச்சு. பசியாறிவிட்டுப் போங்கள், ஆனால் வயிறு முட்ட வேண்டாம். மூன்றாம் மணி நேரத்தில் தூக்கம் வரும்.

இரண்டாம் படி: மேசையில் உட்கார்ந்ததும்

கைப்பேசியை முதலில் கவனியுங்கள். அனுமதி இல்லாத மின்கருவி ஆட்டக் கூடத்தில் உங்களிடம் இருந்தாலே தோல்வி என்பது பொது விதி. முழுக்க அணைத்துப் பையில் வைக்கலாம் என்று சில போட்டிகளில் விடுவார்கள். நடுவர் தொடக்கத்தில் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு அப்படியே செய்யுங்கள்.

மனசில் இருக்க வேண்டிய விதிகள் சில:

தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். காய் கோணலாக நின்றால், உங்கள் முறை வரும்போது, "சரி செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். காஸ்லிங் (ராஜாவையும் தேரையும் ஒரே முறையில் நகர்த்துவது) செய்யும்போது ஒரே கை, முதலில் ராஜா. தேரை முதலில் தொட்டுவிட்டு வாதாடிய பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாதம் நிற்காது.

விதிக்கு மாறான நகர்வை முதல் முறை செய்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். இரண்டாம் முறை செய்தால் தோல்வி.

டிரா கேட்பதற்கு ஒரு வரிசை உண்டு. நகர்த்துங்கள், கேளுங்கள், அப்புறம் கடிகாரத்தை அழுத்துங்கள். எதிராளி யோசிக்கும்போது கேட்பது தொந்தரவு.

ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது, அதைக் காட்டி டிரா கோரப்போகிறீர்கள் என்றால் அந்த நகர்வை ஆடிவிட்டுச் சொல்லக்கூடாது. முதலில் தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிட வேண்டும். சிப்பாய் நகராமல், காய் வெட்டப்படாமல் ஆளுக்கு 50 நகர்வு போனாலும் இதே முறைதான்.

மூன்றாம் படி: நகர்வுத்தாளில் நேரத்தையும் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நகர்வு எழுதுவது எல்லாருக்கும் கட்டாயம். 30 விநாடி கூடும் போட்டியில் கடைசி வரை எழுத வேண்டும். கூடுதல் அவ்வளவு இல்லாத போட்டியில் மட்டும், 5 நிமிடத்துக்குக் கீழே போனால் நிறுத்திக்கொள்ளலாம். பழைய ஆட்டக்காரர்கள் 'முதலில் எழுது, பிறகு நகர்த்து' என்று கற்றுக்கொடுப்பார்கள். இன்றைய விதியில் அது கூடாது. டிரா கோருவதற்காக மட்டுமே நகர்வை முன்கூட்டி எழுதலாம்.

ஆனால் அதே விதி இன்னொன்றை அனுமதிக்கிறது. கடிகாரத்தில் மீதமிருக்கும் நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் மீதி நிமிடத்தைச் சின்னதாக எழுதுங்கள். இரண்டு விநாடி வேலை. எதிராளி ஒரு நகர்வுக்கு ரொம்ப நேரம் எடுத்தால் அவர் நேரத்தையும் எழுதுங்கள். இது எதற்கு என்பது ஆட்டத்தைப் பார்க்கும்போது புரியும்.

நான்காம் படி: ஆட்டம்

பலகையை எடுத்து வைத்துக்கொண்டு பின்தொடருங்கள். இத்தாலியத் தொடக்கம், அவசரமில்லாத வகை.

1. இ4 – இ5
2. குதிரை எஃப்3 – குதிரை சி6
3. பிஷப் சி4 – பிஷப் சி5
4. சி3 – குதிரை எஃப்6
5. டி3 – டி6
6. காஸ்லிங் – காஸ்லிங் (இருவரும் ராஜா பக்கம்)
7. எச்3 – ஏ6
8. தேர் இ1 – பிஷப் ஏ7
9. பி1 குதிரை டி2 – எச்6
10. குதிரை எஃப்1 – பிஷப் இ6
11. பிஷப் இ6இல் வெட்டு – எஃப் சிப்பாய் இ6இல் வெட்டு
12. பிஷப் இ3 – பிஷப் இ3இல் வெட்டு
13. குதிரை இ3இல் வெட்டு – குதிரை எச்5

இதுவரை இரண்டு பேரும் தெரிந்ததைத்தான் ஆடினோம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 11ஆம் நகர்வில் நான் பிஷப்பை வெட்டியதால் கறுப்புக்கு எஃப் வரிசை திறந்தது. எஃப்8 தேர் நேராக என் எஃப்3 குதிரையையும் அதன் பின்னால் எஃப்2ஐயும் பார்க்கிறது. தப்பான நகர்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு விலை உண்டு.

இப்போது 13ஆம் நகர்வு. அவர் குதிரை எச்5க்கு வந்தது, அடுத்து எஃப்4க்கு வரப் பார்க்கிறது. அந்தக் குதிரைக்குக் காவல் இல்லை. என் எஃப்3 குதிரை விலகினால் டி1இல் இருக்கும் ராணி நேராக எச்5ஐப் பார்க்கும். புத்தகத்தில் நூறு முறை பார்த்த தந்திரம். எனக்கு நெஞ்சு வேகமாக அடித்தது.

14. குதிரை இ5இல் வெட்டு.

என் கணக்கு இது: அவர் என் குதிரையை எதால் வெட்டினாலும் நான் ராணியால் எச்5 குதிரையை எடுப்பேன், ஒரு சிப்பாய் லாபம். தாளில் பாருங்கள்: 13ஆம் நகர்வுக்குப் பின் 83 நிமிடம், 14க்குப் பின் 81. கூடுதல் நேரத்தையும் சேர்த்தால் இரண்டரை நிமிடத்தில் முடிவு எடுத்திருக்கிறேன்.

தம்பி 12 நிமிடம் எடுத்தார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நான் எழுந்து நடந்தேன், பக்கத்துப் பலகைகளைப் பார்த்தேன், தண்ணீர் குடித்தேன். என் பலகையைப் பார்க்கவில்லை. எதிராளி நீண்ட நேரம் யோசிக்கிறார் என்றால் அவர் ஏதோ ஒன்றைப் பார்க்கிறார் என்று பொருள், அப்போது நாமும் அவர் பக்கமிருந்து பார்க்க வேண்டும்.

14. ... – குதிரை இ5இல் வெட்டு
15. ராணி எச்5இல் வெட்டு – குதிரை டி3இல் வெட்டு

டி3 சிப்பாய்க்கு இருந்த ஒரே காவல் டி1 ராணி. ராணி எச்5க்குப் போனதும் காவல் போய்விட்டது. இப்போது கறுப்புக் குதிரை டி3இல் உட்கார்ந்து என் இ1 தேரையும் பி2 சிப்பாயையும் எஃப்2ஐயும் ஒரே சமயத்தில் மிரட்டுகிறது. எஃப்2ஐ அவருடைய எஃப்8 தேரும் பார்க்கிறது.

16ஆம் நகர்வுக்கு 18 நிமிடத்துக்கும் மேல் எடுத்தேன். அவ்வளவு நேரம் எடுத்தும் பலகையில் இருந்ததைப் பார்க்கவில்லை, போன நகர்வையே நினைத்துக்கொண்டிருந்தேன். தேரைக் காப்பாற்ற இ2க்கு நகர்த்தினேன்.

16. தேர் இ2 – குதிரை எஃப்4

குதிரை எச்5 ராணியையும் இ2 தேரையும் சேர்த்துப் பிடித்தது.

17. ராணி ஜி4 – குதிரை இ2இல் வெட்டு, செக்
18. ராணி இ2இல் வெட்டு

தேரைக் கொடுத்துக் குதிரை வாங்கினேன். சிப்பாய்கள் ஆளுக்கு ஏழு. அதற்குப் பிறகு அவர் இரண்டு தேரையும் எஃப் வரிசையில் அடுக்கி உள்ளே வந்தார். 34ஆம் நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தேன். அந்தப் பகுதியை நகர்வு நகர்வாகச் சொல்ல வேண்டியதில்லை. அதில் நகர்வுகளைவிட நேரம்தான் முக்கியம், கீழே வருகிறேன்.

ஐந்தாம் படி: எதிராளியோடு பத்து நிமிடம்

முடிவை இருவரும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பின் கூடத்தை விட்டு வெளியே வாருங்கள். உள்ளே மற்றவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். மூலத் தாள் ஏற்பாட்டாளருக்கு உரியது, நகலை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோற்ற கையோடு வீட்டுக்கு ஓடாதீர்கள். எதிராளியிடம், "கொஞ்சம் பார்க்கலாமா தம்பி?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாக வருவார்கள். அவரிடம் கேட்க வேண்டியது 'எது நல்ல நகர்வு' என்று அல்ல. 'அந்த இடத்தில் என்ன பயந்தீர்கள், என்ன பார்த்தீர்கள்' என்று கேளுங்கள். அதை எந்தக் கணினியும் சொல்லாது.

எங்கள் தம்பி சொன்னார்: "அங்கிள், குதிரைய எச்5ல வச்சதும் நீங்க வெட்டுவீங்கன்னு தெரியும். முதல்ல பயந்துட்டேன். அப்புறம், ராணி போயிட்டா டி3க்கு யாரு இருக்கான்னு பார்த்தேன்."

ராணி போய்விட்டால் அங்கே யார் இருக்கிறார்கள் என்ற அந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் 12 நிமிடம் செலவழித்தார். ஒரு காய் ஒரு இடத்தை விட்டுப் போகும்போது எங்கே போகிறது என்று மட்டும் நான் பார்ப்பேன். அது எதை விட்டுப் போகிறது என்று பார்ப்பதில்லை. இந்த ஆட்டத்தில் நான் கற்றது அது.

ரேட்டிங் பற்றியும் ஒரு வார்த்தை, பலர் அதை நினைத்தே உடைந்து போகிறார்கள். நூறு புள்ளி கூடுதலாக உள்ளவரோடு ஆடினால் நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது, வெற்றிக்கு 1 என்ற கணக்கில், 0.36 புள்ளி. என்னைப் போல 30 ஆட்டம் தாண்டிய, 2400க்குக் கீழே உள்ள பெரியவர்களுக்குப் பெருக்கும் எண் 20. ஆக, நான் இழந்தது 7.2. பதினெட்டு வயசுக்குட்பட்ட, 2300க்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அந்த எண் 40, அவருக்குக் கிடைத்தது 14.4. ஏழு புள்ளிக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டில், கணினி இல்லாமல்

அன்றிரவோ மறுநாளோ, ஒரு பலகை, ஒரு நோட்டு, அந்த நகல் தாள். கணினியைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டால் உங்கள் நினைப்பு எது, அதன் விடை எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

முதலில் தாளில் நேரத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். என் தாளில் மூன்று இடம் கண்ணில் பட்டது. ஒன்று, ஆட்டத்தையே தீர்மானிக்கும் 14ஆம் நகர்வுக்கு இரண்டரை நிமிடம். இரண்டு, காரியம் கெட்ட பிறகு 16ஆம் நகர்வுக்குப் பதினெட்டு நிமிடம். மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. 16ஆம் நகர்வு முடிந்தபோது கடிகாரத்தில் 63 நிமிடம். கை கொடுத்தபோது 65. நகர்வுக்கு 30 விநாடி கூடுகிறதல்லவா, அதைவிட வேகமாக ஆடினால் நேரம் ஏறும். 17 முதல் 33 வரை பதினேழு நகர்வுகளையும் சராசரியாக 23 விநாடியில் ஆடித் தள்ளியிருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு தோற்றேன். தேருக்குப் பதில் குதிரையோடு ஆடுவது சிரமம்தான், ஆனால் என் ரேட்டிங்கில் அப்படிப்பட்ட ஆட்டங்கள் காப்பாற்றப்படுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நான் முயலவே இல்லை. மனசு ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டது. நேரம் எழுதாமல் இருந்திருந்தால், '14இல் தவறு, அதனால் தோல்வி' என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

அடுத்து நகர்வுகள். ஒவ்வொன்றுக்கும் அப்போது என்ன நினைத்தீர்களோ அதை உள்ளபடி எழுதுங்கள். இப்போது தெரிவதை அல்ல. 14க்கு நான் எழுதியது: "இலவச சிப்பாய். அவர் டி6ஆல் வெட்டுவார் என்று மட்டும் பார்த்தேன்." 16க்கு: "தேர் எங்காவது போக வேண்டும். எஃப்4ஐப் பார்க்கவில்லை." இப்படி எழுதியதும், 16இல் தேரை எஃப்1க்குக் கொண்டுபோயிருந்தால் பிடி விழுந்திருக்காது என்பது தானாகத் தெரிந்தது. பி2 சிப்பாய் போயிருக்கும், ஆட்டம் சிரமம்தான், ஆனால் முடிந்து போயிருக்காது.

பிறகு, திருப்பம் என்று நினைக்கும் இடத்தில் வேறு என்ன ஆடியிருக்கலாம் என்று இரண்டு நகர்வாவது தேடுங்கள். எனக்குத் தோன்றியது 14. டி4. நடுவில் அழுத்தம் கூடும், டி3இல் தொங்கும் சிப்பாயும் இருக்காது.

ஏழாம் படி: இப்போது கணினி

ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருள் இலவசம். லிசெஸ் தளத்தில் பதிவு செய்தால் ஆட்டத்தை ஏற்றி, பக்கத்தில் உங்கள் குறிப்புகளையும் எழுதி வைக்கலாம். ஆனால் எல்லா நகர்வையும் அதனிடம் கேட்காதீர்கள். நோட்டில் நீங்கள் சந்தேகப்பட்ட இடங்களை மட்டும் கேளுங்கள். அது ஒரு நகர்வைக் காட்டினால் உடனே நம்பிவிடாமல், அதற்கு எதிராக உங்கள் கைக்கு வரும் பதிலை ஆடிப் பாருங்கள். ஏன் உங்கள் பதில் தோற்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்ல முடிகிற வரை விடாதீர்கள்.

எனக்கு அது ஒரு புது விஷயம் காட்டியது. 14இல் அவர் நான் எதிர்பார்த்தபடியே டி6 சிப்பாயால் வெட்டியிருந்தாலும், 15. ராணி எச்5இல் வெட்டு என்றதும் டி வரிசை திறந்திருக்கும். கறுப்பு ராணி டி8இலிருந்து நேராக வந்து டி3ஐ எடுக்கும். நான் லாபம் என்று எண்ணிய சிப்பாய் அங்கேயும் திரும்பிப் போகிறது. இரண்டு வழியிலும் அதே டி3. நானும் தம்பியும் அந்த வழியைப் பேசவே இல்லை.

எட்டாம் படி: அந்த நிலையை மறுபடியும் ஆடுங்கள்

ஒரு சின்ன அட்டையில் 13ஆம் நகர்வுக்குப் பிந்திய நிலையை வரையுங்கள். பின்பக்கம் ஒரே ஒரு கேள்வி, உங்கள் கைப்பட. என் அட்டையில் 'ராணி போனால் அங்கே யார்?' என்று இருக்கிறது. இப்படி எட்டு, பத்து அட்டை சேர்ந்ததும் மேசையில் பரப்பிப் பாருங்கள். ஒரே தவறு எத்தனை முறை வருகிறது என்று தெரியும். எனக்கு ஒன்பது அட்டையில் ஐந்து, காவலை விட்டுப் போன காயைப் பற்றியது. அந்த ஐந்தைப் பார்த்த பிறகுதான் எதைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

அப்புறம், அந்த நிலையிலிருந்து ஒரு நண்பரோடு முழு ஆட்டம் ஆடுங்கள், ஒரு முறை வெள்ளையில், ஒரு முறை கறுப்பில். கடிகாரம் வைத்து, நேரம் எழுதி.

போன சனிக்கிழமை எங்கள் கூட்டத்தில் மூத்த அண்ணன் ஒருவரோடு உட்கார்ந்தேன். 14. டி4 ஆடினேன். அவர் தே தாரேக் டீயை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசவே இல்லை. அவர் யோசித்த நேரம் முழுக்க நான் எழுந்து போகாமல் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்பின் பக்கமிருந்து பலகையைப் பார்த்தேன். கடை சாத்தும் நேரம் வந்தபோது 27ஆம் நகர்வு, ஆளுக்கு ஒரு தேர், ஐந்து சிப்பாய். நிலையைத் தாளில் எழுதி மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்தச் சனிக்கிழமை அங்கிருந்து தொடர்கிறோம்.